மீட்டர் பெட்டிக்குக் கீழே

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கடலூர் புதுப்பாளையத்தில் நூற்று எழுபது வீடு எனக்கு.
வெள்ளை அட்டையில் எண் எழுதியது போக
வாசலில் அரை நிமிடம் மிஞ்சும்.
அதில்தான் கேட்பேன்.

விதை போட்ட எலுமிச்சை எத்தனை வருஷத்தில் காய்க்கும்?
பூவெல்லாம் ஏன் உதிர்ந்துவிடுகிறது?
பெயின்ட் வாளி போதுமா வேருக்கு?
இலை ஓரம் கருகுவது
போர் தண்ணீரின் உப்பாலா,
தேவனாம்பட்டினத்துக் காற்றாலா?

ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஒத்துவராது.
மாதுளை வைத்திருக்கும் பதிவுத்துறை மாசிலாமணி
"தண்ணியை நிறுத்துங்க, பட்டினி போட்டாத்தான் பிஞ்சு" என்றார்.
எதிர்வீட்டு நர்ஸ் ஜெசிந்தா
"நிறுத்தினதாலதான் அவர் செடி அப்படி இருக்கு" என்றார், குரலைத் தாழ்த்தி.
ஒரு வீட்டில் நாய் மட்டும் பதில் சொன்னது.

நெல்லிக்குப்பம் சாலை நர்சரியில்
ஒட்டுக்கொய்யா நூற்றிருபது,
பப்பாளிக் கன்று பதினைந்து.
மாதக் கடைசி. பதினைந்துதான் வாங்கினேன்.
"பொண்ணு மரம்தானே?"
அன்வர்தீன் சிரித்தார்.
"பூத்தாத்தான் சார் தெரியும்.
கன்னுக்கே இப்போ தெரியாது."

வாடகை மாடி.
வீட்டுக்காரர் நல்லசாமி கேட்டது
என் கேள்விகள் எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி:
"தளம் ஒழுகினா யாரு பொறுப்பு?"
நான்கு செங்கல் வைத்து, பாதியாய் வெட்டிய நீல டிரம் வைத்து,
செம்மண், சாணம், துறைமுகத்தில் வாங்கிய கருவாட்டுத் தூள்.
தூள் போட்ட ராத்திரி
தெருப் பூனை மொத்தமும் மேலேறி வந்து
பாதி வேரைத் தோண்டிப் போட்டன.
இதை யாரும் சொல்லவில்லை.
கேட்க எனக்கும் தெரியவில்லை.

ஆனியில் நட்டது மாசியில் பூத்தது.
நீளக் காம்பில் சரம் சரமாய், வெளிர் மஞ்சள்.
கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது மாடி.
படம் எடுத்து அன்வர்தீனுக்கு அனுப்பினேன்.
"ஆண்" என்று ஒரே சொல் வந்தது.
கொஞ்சம் கழித்து, "வெட்டிடுங்க, இடத்தை அடைக்கும்."
அதற்கப்புறம் கைகூப்பும் படம் ஒன்று.

கத்தியோடு ஏறினேன், உண்மைதான்.
மணி ஏழரை இருக்கும்.
பூவின் முன்னால் ஒரு அந்துப்பூச்சி
அந்தரத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்தது.
பழைய மீட்டருக்குள் ஒரு வட்டு சுற்றுமே,
ஏசி ஓடும் வீட்டில் அது எப்படிச் சுற்றும்,
அந்த வேகம் இறக்கைக்கு.
முடிக்கட்டும் என்று நின்றேன்.
அது இன்னொரு பூவுக்குப் போனது.
அப்புறம் இன்னொன்று.
பிறகு கைப்பிடிச்சுவர் தாண்டிக் கிழக்கே போய்விட்டது.
நாளைக்கு வெட்டலாம் என்று இறங்கினேன்.

நாளைக்கு மழை வந்தது. அதற்கு மறுநாள் ஆள் பற்றாக்குறை,
இரண்டு சுற்று என்னைச் செம்மண்டலம் பக்கம் போட்டார்கள்.
கத்தி தண்ணீர்த் தொட்டி மேலேயே கிடந்து துருப்பிடித்தது.

ஆவணியில் திரும்பி வந்தேன். கீழைத்தெரு, கதவு எண் பதினெட்டு.
மீட்டருக்குப் போக வழியில்லை.
பப்பாளி, கழுத்து கொள்ளாமல் காய்.
தலையைச் சாய்த்து, காய்களுக்கு நடுவே நுழைத்து
எண்ணைப் படித்தேன். பால் ஒன்று காதோரம் சொட்டியது.

"மூணு வருஷமாப் பூத்துப் பூத்துக் கொட்டிச்சு" என்றார் திலகேஸ்வரி.
"வெட்டிடலாம்னுதான் இருந்தோம்.
இந்த வருஷம் என்ன போட்டேன்னு எனக்கே நெனப்பில்ல,
முட்டை ஓடா, வெங்காயத் தோல் ஊறவெச்ச தண்ணியா...
நீங்க எல்லா வீட்டுக்கும் போறீங்களே சார்,
எதனால காய்ச்சிருக்கும்?"

என்னிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல்முறை.

அவர் வீட்டு மதிலுக்கு மேல், மேற்கே,
நீல டிரம்மின் விளிம்பு தெரிந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
எழுதினேன். பேனா மூடி விழுந்தது, தேடி எடுத்தேன்.

"வெங்காயத் தோலாத்தான் இருக்கும்" என்றேன்.